முன்னாலிருந்து வந்த ரைட்

ஸ்டியரிங் சுடுகிறதா, தன் உள்ளங்கைதான் சுடுகிறதா என்று கோகிலவாணிக்குப் பிடிபடவில்லை. நம்பியூர் பஸ் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து இதே சந்தேகம். காலை வெயில் இன்னும் வேப்பமரங்களைத் தாண்டி மேலே வரக்கூட இல்லை, அப்புறம் ஸ்டியரிங் எப்படிச் சுடும், கைதான், கைகூட இல்லை, உள்ளே ஏதோ ஒன்று குதியாட்டம் போடுகிறது, அது கை வழியாக வெளியே வரப் பார்க்கிறது. பஸ். பள்ளிக்கூட வேன் இல்லை, தண்ணி லாரி இல்லை, அப்பா ஓட்டப் பழக்கின தீவன டெம்போ இல்லை, பஸ். பின்னால் உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிற சனம், முன்னால் கண்ணாடிக்கு மேலே ஆடுகிற கதம்பம், நடுவில் தான். முன் சீட்டில் வெற்றிலை மெல்லுகிற ஓர் அம்மாள் ஏறினதிலிருந்து ரோட்டையே பார்க்கவில்லை, வாயைத் திறந்துகொண்டு இவளைத்தான் பார்க்கிறாள். பார்க்கட்டும், ஆசை தீரப் பார்க்கட்டும், டிரைவர் சீட்டில் புடவையைப் பார்த்ததில்லை என்றால் இன்றைக்குப் பார்த்துக்கொள்ளட்டும். முதலாளி ஒரே ஒரு நடைதான் கொடுத்திருக்கிறார். "ஒரு நடை ஓட்டிக் காட்டு அம்மிணி, பழனிவேலு வண்டிக்கு முன்னாடி கோபி ஸ்டாண்டுல கொண்டுபோயி நிறுத்தினீன்னா நாளைக்கிருந்து இது உன்ற வண்டி." பழனிவேல் இதே ரோட்டில் இன்னொரு முதலாளியின் பஸ்ஸை வருசக்கணக்காக ஓட்டுகிறவன், இந்த வண்டிக்குப் பின்னால் கிளம்பி இது அள்ள வேண்டிய சனத்தையெல்லாம் முன்னால் போய் அள்ளிக்கொள்வதில் கெட்டிக்காரன். அவன் வண்டி இப்போது வலது பக்கக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் பொட்டு. பொட்டாகவே இரு ராசா, பெரிதாகாதே, என்று அவள் கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டாள். உன்ற வண்டி. அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் கால் தானாக ஆக்சிலேட்டரில் கொஞ்சம் அமுங்கியது.

கண்டக்டர் சென்னியப்பன் பின்னால் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார், நிறுத்தினாள், ரெண்டு தட்டுத் தட்டினார், எடுத்தாள். பல்செட்டு வைத்த நாளிலிருந்து அவர் விசில் ஊதுவதில்லை, ஊதினால் செட்டும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறதாம், அதனால் தட்டுதான் அவருக்குப் பேச்சு. ஒரு தட்டு என்றால் நில், ரெண்டு தட்டு என்றால் ரைட். காலையில் வண்டியைச் சுற்றிக் கற்பூரம் காட்டி முடித்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "முன்னாடி நடக்கறதுக்கு நீ பொறுப்பு, பின்னாடி நடக்கறதுக்கு நானு. நான் ரைட்டுன்னா நீ யோசிக்காம எடு. இன்னொன்னு கேட்டுக்க, எங்க வேணும்னாலும் நிறுத்து, ஆஃப் மட்டும் ஆக உட்றாத. இதுக்குச் செல்ஃப் எடுக்காது, சனத்த எறக்கித் தள்ளத்தான் வேணும்" என்றார். முன்னாடி இவளுக்கு, பின்னாடி அவருக்கு. பங்காளிகள் தோட்டத்தைப் பிரித்து வரப்புப் போட்டுக்கொண்ட மாதிரி என்ன சுலபமாக இருந்தது. ரோட்டில் நடக்கிற எல்லாவற்றையும் ஒருத்தியே தூக்கிச் சுமக்க வேண்டாம், பாதி போதும். அப்பா இதை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆயுசு முழுக்க லாரி ஓட்டின மனுசன், ஆயுசு முழுக்க ஒரே ஆவலாதி, "சைக்கிள்காரன் தானா வந்து முட்டினாலும் அடி வாங்கறது லாரிக்காரந்தான், பெரிய வண்டின்னாலே தப்பு, ஓரமா நின்னுட்டிருந்தாலும் தப்பு." சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சுத்தான். அவள் அப்போது சைக்கிள்காரியாக இருந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பின்னாலிருந்து ஹாரன் வந்தால் தாரை விட்டு மண்ணில் இறங்கிக்கொள்ள வேண்டும், யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும், பெரியதுக்குத் தார், சின்னதுக்கு மண். ஒரு நாள் மண்ணில் சறுக்கி வேலிக்காத்தான் முள்ளோடு விழுந்து எழுந்து, போன லாரியைப் பார்த்து நாசமாப் போ என்று கத்தினாள், சாயங்காலம் அதே மாதிரி ஒரு லாரியிலிருந்து அப்பா இறங்கினபோது ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். இப்போது தார் அவளுடையது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு பால்காரர் இவள் ஹாரனுக்குக் கேனோடு தடதடவென்று மண்ணில் இறங்கினார், அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, அடேயப்பா நான் அடிச்சா எறங்கறாங்க என்று இருந்தது, அப்புறம் முழங்காலில் எங்கேயோ பழைய முள் ஒன்று குத்தின மாதிரியும் இருந்தது. முள்ளை யோசிக்க நேரமில்லை, மஞ்சள் பொட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகியிருந்தது.

அதற்குள் இன்னொரு சந்தோஷம், எதிர்பாராத சந்தோஷம். இரண்டு நிறுத்தத்துக்கு முன்னால் ஏறினவர், வெள்ளைக் கோல், மடிப்புக் கலையாத சட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, கண் தெரியாதவர். வெற்றிலை அம்மாள் தள்ளி உட்கார்ந்து, "வாங்க எழிலரசன் சாரு" என்று இடம் கொடுத்ததில் பெயரும் வாத்தியார் என்பதும் தெரிந்தது. கள்ளிமேட்டுப் பிரிவு ஹைஸ்கூலில் சரித்திரப் பாடம் எடுக்கிறாராம். சின்ன வயசுதான், இவளைவிட இரண்டு மூன்று குறைவாகக்கூட இருக்கலாம். உட்கார்ந்து கொஞ்ச தூரம் போனதும் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுவிட்டு, "புது டிரைவரா?" என்றார். "ஆமாங், பொம்பளப் புள்ளைங்" என்றாள் வெற்றிலை அம்மாள், அவளே பெற்று வளர்த்து லைசென்ஸ் எடுத்துக் கொடுத்த மாதிரி. "அதான் பாத்தேன், பழைய டிரைவர் மாரப்பண்ணன் பிரேக் போட்டா தாடை முன்சீட்டுல இடிக்கும். இன்னைக்கு வண்டி நின்னதே தெரியல." வண்டி நின்னதே தெரியல! கோகிலவாணி திரும்பிப் பார்க்கவில்லை, டிரைவர் திரும்பக் கூடாது, ஆனால் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. முதலாளி பார்த்துச் சொன்னால் அது ஒன்று, கண்ணால் பார்க்காமல் உடம்பால் பார்த்துச் சொல்கிறாரே ஒரு மனுசன், அதற்கு மேல் என்ன சர்டிபிகேட் வேண்டும். அப்பாவுக்குச் சொல்ல வேண்டும், சாயங்காலம் போனதும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், பழனிவேலை முந்தினதைக்கூட அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். வண்டி நின்னதே தெரியலையாம்ப்பா. அப்பா மோவாயைத் தடவிக்கொண்டு, வளையல கழட்டிட்டுப் போன்னனே கழட்டினியா என்பார், பாராட்டுகிற மாதிரி ஏதாவது வந்துவிட்டால் அவர் இப்படித்தான் பேச்சை மாற்றுவார். கழற்றவில்லை. புது வண்டிக்குப் புது வளையல், இரண்டு கையிலும் பச்சைக் கண்ணாடி, போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

கள்ளிமேட்டுப் பிரிவில் ஒரு தட்டு. நிறுத்தினாள், பூப்போல நிறுத்தினாள், இதுவும் தெரிந்திருக்காது சார் உங்களுக்கு. முன்வாசலில் அவர் கோலை ஊன்றி இறங்கினார், பின்னால் யார் யாரோ மூட்டையோடு ஏறினார்கள், சென்னியப்பன் மூட்டைக்காரரிடம் உள்ளே போ உள்ளே போ என்று மல்லுக்கட்டுகிற சத்தம் கேட்டது. கிளட்சை அழுத்தி முதல் கியரைப் போட்டு, தட்டுக்குக் காத்துக்கொண்டு வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். மஞ்சள் இப்போது பஸ்ஸாகவே தெரிந்தது, நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கலாம் போல, பழனிவேலின் ஏர் ஹாரன் நாதஸ்வரம் மாதிரி இழுத்து இழுத்து வந்தது, வந்துவிட்டான், மூட்டையை ஏத்தி முடிங்கய்யா, தட்டுங்கய்யா, ஒரு நிமிசம் முந்தினால் போதும், அடுத்தது கரட்டூர், சந்தைச் சனம் முழுக்க எனக்கு, உன்ற வண்டி, நின்னதே தெரியல, தட்டுங்க, தட்டுங்க. டக் டக். கால் கிளட்சை விட்டது. விட்டபிறகுதான் காது சொன்னது, தகரத்தில் கையால் தட்டின சத்தம் இல்லை இது, இரும்பில் கோலால் தட்டினது, பின்னாலிருந்து வரவில்லை, முன்னாலிருந்து வருகிறது. முன்னாலிருந்து ரைட் எப்படி வரும்? கண்ணாடியிலிருந்து கண்ணைப் பிடுங்கி முன்னால் பார்த்தால் கதம்பத்துக்குக் கீழே, முன் கண்ணாடியின் விளிம்போடு விளிம்பாக, ஒரு தலைமுடி. வண்டி ஒரு சாண் குதித்தது. இரண்டு காலும் பிரேக்கின் மேல் ஏறி நின்றன, கிளட்சையெல்லாம் யார் நினைத்தார்கள், இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி விக்கிச் செத்தது.

சத்தம் நின்றுபோன அந்த இடம் எவ்வளவு பெரிதாக இருந்தது. கண் சிமிட்டுகிற நேரம்கூட இருக்காது, ஆனால் அதற்குள் அவள் போய்வராத இடமில்லை. அந்தத் தலைமுடியில் வகிடு எவ்வளவு நேராக எடுத்திருக்கிறது என்று பார்த்தாள், கண்ணாடி பார்க்காமல் எப்படி இவ்வளவு நேராக என்று நினைத்தாள், முள்வேலிக்குள் விழுந்து கிடக்கிற சைக்கிளின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, மண்ணுக்கு இறங்கக்கூட இந்த மனுசனுக்கு மண் எங்கே இருக்கிறதென்று தெரியாதே. பம்பர் அவருடைய சாப்பாட்டுப் பையைத் தொட்டுவிட்டது போலிருக்கிறது, பை சுழன்றது, அவர் தூக்கிவாரிப் போட்டு வண்டியை விட்டு விலகித் துள்ளினார். துள்ளினது வலது பக்கம். நடு ரோட்டுப் பக்கம். அங்கேதான் நாதஸ்வரம் வந்துகொண்டிருந்தது. பின்னாடி அவருக்கு, முன்னாடி எனக்கு, பக்கம்? பக்கம் யாருக்கு? ஹாரன் அடிக்கக் கை போனது, ஐயோ வேண்டாம், ஏற்கெனவே ஒரு ஹாரன், இன்னொன்று சேர்ந்தால் எது எங்கே நிற்கிறதென்று அவருக்கு எப்படித் தெரியும், கை ஹாரனிலிருந்து விலகி ஜன்னலுக்கு வெளியே போனது, கையோடு தோள் போனது, தலை போனது, பாதி உடம்பு போனது. வலது கையைப் பழனிவேலை நோக்கி மேலும் கீழும் வீசினாள், வளையல் ஜன்னல் கம்பியில் பட்டுச் சிலீரென்று உடைந்தது, வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வார்த்தை. "நில்லுங்க!" யாரைச் சொன்னாள், அவரையா பழனிவேலையா, அவளுக்கே தெரியாது. நின்ற இன்ஜினின் அமைதியில் அந்த வார்த்தை ரோடு முழுக்கக் கேட்டது. அவர் நின்றார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால், கோல் காற்றில், அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றார். மஞ்சள் பஸ் டயரைத் தேய்த்துக்கொண்டு வந்து அவளுடைய கைக்கு நேராக நின்றது. அதன் மூக்குக்கும் வாத்தியாருக்கும் நடுவில் ஓர் ஆட்டுக்குட்டி நுழைந்து போகிற இடம்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் மூச்சு விடுகிறாரா என்று சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டார். சட்டை ஏறி இறங்கியது. அப்போது அவளுக்குள் வந்த சந்தோஷத்துக்கு முன்னால் காலையிலிருந்து குதித்த சந்தோஷமெல்லாம் ஒன்றுமே இல்லை, அழுகையும் சிரிப்புமாக மூக்கில் ஒழுகியது, இருக்காரு, இருக்காரு, முழுசா இருக்காரு.

அப்புறம் ரோட்டுக்கு வாய் முளைத்தது. பழனிவேல் இறங்கி வந்து, "நிக்கிற பஸ்ஸுக்கு முன்னாடி யாருங் போகச் சொன்னது, நான் எப்படிப் பாக்கறது?" என்றான். "வெளிய நீட்டின கை போகச் சொல்லுதா நிக்கச் சொல்லுதான்னே வெளங்கல, டிரைவர் ஜன்னல்ல பச்ச வளையலப் பாத்த திகைப்புல பிரேக்குல காலு போயிருச்சு" என்று அவனே சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டான். கண் தெரியாதவரைத் தனியாக இறக்கிவிடலாமா என்று மூட்டைக்காரர் சென்னியப்பனைக் கேட்டார். நான் பின்னாடி பார்ப்பேனா முன்னாடி பார்ப்பேனா என்று சென்னியப்பன் எகிறினார், பல்செட்டு ஆடியது. எழிலரசன் பையைத் துழாவி, வழிகிற சாம்பாரை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றார், வகுப்பில் சொல்கிற குரல் அது. "நான் தினமும் எறங்கி முன்னாடி வந்து பம்பர்ல ரெண்டு தட்டுத் தட்டுவேன். நான் இங்க இருக்கேன், கடக்கப் போறேன்னு அர்த்தம். மாரப்பண்ணன் நான் அந்தப் பக்கம் போற வரைக்கும் வண்டிய அசைக்க மாட்டாரு, பின்னாடி வர்றவனுக்குக் கையும் காட்டுவாரு. இன்னைக்கு டிரைவர் புதுசுன்னு தெரிஞ்சும் நான் தட்டினேன், என்ற தப்பும் இருக்கு." சென்னியப்பன் கீழே பார்த்தார். "பின்னாடியிருந்து வந்தா என்ற ரைட்டு, முன்னாடியிருந்து வந்தா சாரோட நிறுத்தல். மாரப்பனுக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மறந்துட்டேன் அம்மிணி." ஒரே டக் டக், முன்னால் நில், பின்னால் போ. இப்படியொரு ஏற்பாட்டில்தான் ஒரு மனுசனின் உயிர் தினமும் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆளுக்குக் கொஞ்சம் தப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறார்கள், பழனிவேலிடம் கொஞ்சம், கண்டக்டரிடம் கொஞ்சம், வாத்தியாரே கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொள்கிறார், ஒரு நடைக்கு ரெண்டு பஸ்ஸை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிற முதலாளிமாருக்கும் கொஞ்சம் அனுப்பி வைக்கலாம், இப்படியே பிரித்தால் தனக்கு ஒரு துணுக்குத்தான் மிஞ்சும். எவ்வளவு ஆசையாக இருந்தது அந்தத் துணுக்கோடு போய்விட. ஆனால் கிளட்சை விட்டது துணுக்குக் கால் இல்லை, முழுக் கால். முன்னால் பார்க்காமல் கண்ணாடியில் இருந்தது ரெண்டு கண்ணும்.

பழனிவேல் போய்விட்டான், போகும்போது ஹாரன் அடிக்கவில்லை. செல்ஃப் எடுக்கவில்லை, எடுக்காது என்றுதான் தெரியுமே. சனம் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினபோது சென்னியப்பனின் போன் அடித்தது, முதலாளி. அவர் போனைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வந்து, "மஞ்ச வண்டி பிரிவத் தாண்டிருச்சுன்னு யாரோ சொல்லிட்டாங்க, கத்தறாரு. கண்ணு தெரியாதவரு குறுக்க வந்துட்டாருன்னு சொல்லிர்றேன், நம்ம மேல வராது, வேல நிக்கும்" என்றார். நல்ல மனுசர், அவளுக்காகத்தான் சொல்கிறார். குறுக்க வந்துட்டார். எவ்வளவு வழவழப்பான வார்த்தை, அப்பாவின் ஆவலாதியெல்லாம் அதற்குள் அடங்கிவிடுகிறது, நாளைக்கிருந்து வண்டியும் தன்னுடையதாகிவிடுகிறது. அவர் எங்கே குறுக்கே வந்தார், அவர் நேராகத்தானே போனார், பள்ளிக்கூடத்துக்கு, தினமும் போகிற வழியில். குறுக்கே வந்தது யார்? வண்டி நின்னதே தெரியலைன்னாரே அந்த மனுசன். கை நீட்டிப் போனை வாங்கினாள், உடைந்த வளையல் கீறின இடத்தில் ரத்தம் கோடாக இறங்கியது. "நாந்தானுங்க. கண்டக்டர் ரைட்டு சொல்லல, நானா நெனச்சுக்கிட்டு முன்னாடி பாக்காம எடுத்துட்டேன். சாருக்கு ஒண்ணும் ஆகலீங்க. வண்டி ஆஃப் ஆயிருச்சு, தள்ளிட்டு வர்றோம்." "வா, பேசிக்கலாம்" என்றார் முதலாளி, வைத்துவிட்டார். வா என்றாரே, அதில் என்ன இருக்கிறது, கோபமா, வேறென்னவா, புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. போனால் போகிறது என்று நினைத்துப் பார்த்தாள், இல்லை, போகக் கூடாது, இந்த வண்டி வேண்டும், காலையில் வேண்டியதைவிட இப்போது இன்னும் வேண்டும். இப்போதுதான் ஓட்டவே தெரிந்த மாதிரி இருக்கிறது.

தள்ளினார்கள். வெற்றிலை அம்மாள்கூட இறங்கி முந்தானையைச் செருகிக்கொண்டு ஐலசா போட்டாள், எழிலரசன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நானும் ஒரு கை என்று பின்னால் நின்று தள்ளினார், "மணி அடிச்சிருக்கும் சார்" என்று யாரோ சொன்னதற்கு, "அசோகர் எங்கயும் போயிர மாட்டாரு" என்றார். வண்டி உருண்டது, கிளட்சை விட்டாள், இன்ஜின் இருமி, கனைத்து, பிடித்துக்கொண்டது, எல்லாரும் கை தட்டினார்கள், அவளும் ஸ்டியரிங்கைத் தட்டினாள். கொஞ்ச தூரத்தில் ஓரம் கட்டி நிறுத்தினாள். சனம் ஏறியது. பின்னாலிருந்து தகரத்தில் டக் டக். ரைட். கால் அசைந்தது, அவள் அதை அடக்கினாள். சென்னியப்பன் மறுபடியும் தட்டினார், கொஞ்சம் அவசரமாக. இடது கண்ணாடியில் எழிலரசன் வண்டியின் உடம்பைத் தொட்டுக்கொண்டே முன்னால் வந்துகொண்டிருந்தார், முன்வாசலைத் தாண்டினார், விளக்கைத் தாண்டினார், காணாமல் போனார். அவள் சீட்டை விட்டு எழுந்து நின்று கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக் கீழே பார்த்தாள். அந்த நேரான வகிடு. டக் டக், முன்னாலிருந்து. அவள் வலது கையை வெளியே நீட்டி, பின்னால் வந்த மணல் லாரியை நிறுத்தி வைத்துக்கொண்டு, "லாரி நின்னுருச்சு, வாங்க சார்" என்று சத்தமாகச் சொன்னாள். அவர் கடந்தார். அந்தப் பக்கத்து மண்ணில் கோல் பட்ட சத்தம் மாறியது, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். இப்போது பின்னாலிருந்து தட்டு வரவில்லை, சென்னியப்பன் காத்துக்கொண்டிருந்தார், பஸ் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது, அவள் எதற்காக நிற்கிறாள் என்று. இடது கண்ணாடி, வலது கண்ணாடி, எழுந்து நின்று முன்னால் கீழே, கொஞ்சம் தார், ஒரு காக்கா, அது பறக்கிறவரைக்கும் பொறுத்தாள். அப்புறம் உட்கார்ந்து, ரைட், என்று தனக்கே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.